100 மீட்டரில் சரி, 300-இல் மட்டும் ஏன் மேலே?

என் ரைஃபிள் ஸ்கோப்பில் (குறிபார்க்கும் தொலைநோக்கி) 100 மீட்டரில் ஜீரோ, அதாவது குறிவைத்த இடத்திலேயே குண்டு விழும்படி செய்த அமைப்பு, கச்சிதம். குண்டுகள் ஒரே கொத்தாக நடுவில் விழுந்தன. ஆனால் ரெட்டிகிளில் (ஸ்கோப்புக்குள் தெரியும் குறிக்கோடுகள்) 300 மீட்டருக்கான கோட்டை இலக்கில் வைத்துச் சுட்டால், கிட்டத்தட்ட ஒரு சாண் மேலே. ஸ்கோப்பை ரைஃபிளோடு பிணைக்கும் மவுண்ட் திருகுகள் இறுக்கமாகவே இருந்தன. பாரலாக்ஸும் (கண்ணை நகர்த்தினால் குறி இலக்கின் மேல் நகர்வதாகத் தெரியும் பிழை) சரிசெய்யப்பட்டிருந்தது.

காரணம் உருப்பெருக்கம். என்னுடையது 3 முதல் 9 மடங்கு வரை பெரிதாக்கிக் காட்டும் 3-9 ஸ்கோப். ரெட்டிகிள் இரண்டாம் குவியத் தளத்தில், அதாவது ஜூம் லென்ஸ்களுக்குப் பின்னால் கண் பக்கம் இருக்கிறது. இந்த வகையில் ஜூம் மாற்றினால் இலக்குதான் பெரிதாகும், கோடுகள் அப்படியே நிற்கும். அதனால் சரிவுக் கோடுகள் (தூரம் போகப் போகக் குண்டு கீழே இறங்குவதை ஈடுகட்டும் கோடுகள்) 9-இல் மட்டுமே உண்மை பேசும். 4.5-க்கு இறக்கினால் அதே கோடு இரண்டு மடங்கு சரிவைக் காட்டும். நடுப்புள்ளி மாறாது, ஜீரோ சரியாகவே தெரிவது அதனால்தான். 100 மீட்டரில் சென்டிமீட்டர் கோடு போட்ட அட்டையை நிறுத்தி, ஜூமைத் திருப்பியபடி ஸ்கோப் வழியே பாருங்கள், கண்ணெதிரே தெரியும்.

9-இல் வைத்ததும் அந்த ஒரு சாண் போய்விட்டது. அப்புறம் குண்டு கொஞ்சம் கீழே விழுந்தது! குண்டின் வேகத்தை அளக்கும் குரோனோகிராஃபில் பார்த்தால், தோட்டாப் பெட்டியில் அச்சிட்ட வேகம் என் ரைஃபிளில் வரவில்லை. குழல் குட்டை, அதனால்தான். இதற்காக ஜீரோவை மேலே ஏற்றிச் சமாளிப்பது எனக்குப் பிடிக்காது, கிட்டத்து இலக்கு கெட்டுவிடும். அளந்த வேகத்தை, குண்டின் பாதையைக் கணக்கிடும் கணிப்பானில் கொடுத்து, ஒவ்வொரு கோட்டுக்கும் உண்மையான தூரத்தைக் கண்டுபிடித்தேன். 300 கோடு என் ரைஃபிளுக்கு 285 மீட்டர். அதைச் சுட்டுச் சரிபார்த்து, லென்ஸ் மூடியின் உள்பக்கம் எழுதி ஒட்டியிருக்கிறேன்.