கிட்டில் சிவப்பு வைன்: நாள்காட்டியை நம்பினால் வரும் தவறுகள்

ரொறன்ரோவில் ஜனவரி மாதம் வீடு முழுக்க ஹீற்றர் ஓடினாலும் நிலவறையின் சிமெந்துத் தரை 15 பாகையைத் தாண்டாது. என் முதல் வைன் கிட்டை அந்தத் தரையில்தான் வைத்தேன். பெட்டிக்குள் இருந்த தாளில் 14-ஆம் நாள் கார்பாய் என்ற ஒடுங்கிய கழுத்துள்ள பெரிய கண்ணாடிக் குடுவைக்கு மாற்று, 28-ஆம் நாள் நொதிப்பை முடித்து வாயுவை வெளியேற்று, 42-ஆம் நாள் போத்தலில் அடை என்று வரிசையாகப் போட்டிருந்தது. சுவர் நாள்காட்டியில் அந்த நாட்களை வட்டமிட்டு, ஒரு நாள் பிசகாமல் செய்து முடித்தேன். ஜூன் மாதம் வெயில் ஏறியதும் கார்க்குகள் ஒவ்வொன்றாக மேலே எழும்பத் தொடங்கின. திறந்து குடித்தால் சோடா மாதிரி நாக்கில் குத்தல், அதற்கடியில் ஒரு தித்திப்பு. 30 போத்தலையும் கழுவும் தொட்டியில் கொட்டினேன்.

கிட் என்பது உண்மையில் வேலையைப் பெருமளவு முடித்துக் கொடுக்கும் ஒரு பெட்டி. திராட்சைச் சாற்றை வற்றவைத்துக் கெட்டியாக்கி, அதன் சீனியையும் புளிப்பையும் தொழிற்சாலையிலேயே அளந்து சரிசெய்து பையில் அடைத்திருப்பார்கள். ஈஸ்ட், ஓக் மரத்தூள், வைன் கெடாமல் காக்கும் சல்பைற், சோர்பேற் தூள்கள், வைனைத் தெளியவைக்கும் மருந்து எல்லாம் சின்னச் சின்னப் பொட்டலங்களாக உள்ளே இருக்கும். சாற்றை ஒரு பெரிய வாளியில் ஊற்றி, தண்ணீர் விட்டு 23 லீற்றர் ஆக்க வேண்டியதுதான் நம் வேலை. அப்புறம் அது நொதிக்கும். தாளில் போட்டிருக்கும் நாட்கள், சாறு 20 முதல் 25 பாகைக்குள் இருக்கும் என்ற நம்பிக்கையில் எழுதப்பட்டவை. உங்கள் வீட்டு நிலவறை எப்படி இருக்கும் என்று அந்தத் தாளுக்குத் தெரியாது. கிட் வைன் கெட்டுப்போன கதைகளில் பெரும்பாலானவை இந்த இடத்தில்தான் தொடங்குகின்றன.

முதலில் சூடு. 18 பாகைக்குக் கீழே போனால் பல ஈஸ்ட் வகைகள் சோர்ந்துவிடும், சில பாதியிலேயே நின்றுவிடும். வாளியைத் தரையில் வைக்காமல் ஒரு மேசையில் ஏற்றிவிட்டாலே பாதிப் பிரச்சினை தீரும். பிறகு சைபன் குழாயால் வைனைக் கீழே இறக்கவும் அந்த உயரம் உதவும். அப்படியும் குளிர்ந்தால் வாளியைச் சுற்றிக் கட்டும் மின்பட்டி கடையில் கிடைக்கும். அறைச் சூட்டைப் பார்த்துத் திருப்திப்படாதீர்கள், சாற்றின் சூட்டைப் பாருங்கள். வாளியின் வெளிப்பக்கம் ஒட்டும் வெப்பமானிப் பட்டை ஒன்று போதும். காரேஜில் கிடந்த சாற்றுப் பையை நேராகக் கொண்டுவந்து ஊற்றி, மேலே ஈஸ்டைத் தூவுவது இன்னொரு வழமையான தவறு. சேர்க்கும் தண்ணீரை வெதுவெதுப்பாக எடுத்து, கலவை 22 பாகைக்கு வந்த பிறகு ஈஸ்டைப் போடுங்கள். இதற்குப் பயந்து வீட்டைச் சூடாக்கும் ஃபேர்னஸ் பக்கத்தில் கொண்டுபோய் வைப்பதும் கூடாது. 30 பாகையில் நொதிக்கும் சாற்றில் திராட்சை மணம் போய்விடும்.

அடுத்தது ஹைட்ரோமீற்றர், அதாவது திரவத்தில் மிதக்கவிட்டு அதன் அடர்த்தியை அளக்கும் கருவி. தண்ணீரில் 1.000 காட்டும், சீனி கூடக் கூட எண் ஏறும், சீனி மதுசாரமாக மாற மாற இறங்கும். கிட் வாங்கும் பலர் இந்தக் கண்ணாடிக் குழாயைப் பெட்டியிலிருந்து எடுப்பதே இல்லை, மூடியில் செருகும் எயார்லொக்கில் (வாயுவை வெளியே விட்டுக் காற்றை உள்ளே விடாத சின்னத் தண்ணீர் அடைப்பு) குமிழி வருகிறதா என்று பார்த்தே முடிவு செய்கிறார்கள். குமிழி ஒரு சாட்சியே அல்ல. மூடி சரியாகப் பொருந்தாவிட்டால் நொதிப்பு மும்முரமாக நடக்கும்போதும் குமிழி வராது. நொதித்து முடிந்த வைனை வெயில் படும் இடத்துக்கு நகர்த்தினால் கரைந்திருந்த வாயு வெளியேறி, முடிந்த பிறகும் குமிழி வரும்.

அளப்பது கஷ்டமில்லை. உயரமான அளவுக் குழாயில் வைனை எடுத்து, ஹைட்ரோமீற்றரை உள்ளே விட்டு, விரலால் ஒருமுறை சுழற்றிவிடுங்கள். அதில் ஒட்டியிருக்கும் குமிழிகள் உதிர்ந்துவிடும். உதிராவிட்டால் அவை கருவியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு பொய் எண் காட்டும். கண்ணைத் திரவ மட்டத்துக்குக் குனிந்து கொண்டுவந்து எண்ணை வாசியுங்கள். சிவப்பு வைன் கிட் தொடக்கத்தில் 1.080 முதல் 1.100 வரை காட்டும். 1.010-க்குக் கீழே வந்தால் வாளியிலிருந்து கார்பாய்க்கு மாற்றலாம். 0.996 அல்லது அதற்கும் கீழே இறங்கி, மூன்று நாள் தொடர்ந்து அதே எண்ணில் நின்றால்தான் நொதிப்பு முடிந்தது. தொடக்க எண்ணிலிருந்து கடைசி எண்ணைக் கழித்து 131-ஆல் பெருக்கினால் மதுசாரத்தின் அளவும் கிடைத்துவிடும். 1.090-இல் தொடங்கி 0.994-இல் முடிந்தால் ஏறத்தாழ 12.6 சதவீதம். தொடக்க எண்ணைக் குறிக்காமல் விட்டால் இந்தக் கணக்கைப் பிறகு எப்படியும் போட முடியாது. நான் இப்போது கார்பாயின் கழுத்தில் ஒரு மாஸ்கிங் ரேப்பை ஒட்டி, திகதியும் எண்ணும் சூடும் அதிலேயே எழுதிவிடுகிறேன்.

சரி, நொதிப்பு முடியாவிட்டாலும் சோர்பேற் போட்டால் நின்றுவிடும்தானே என்று கேட்கலாம். நானும் அப்படித்தான் நினைத்தேன். சோர்பேற் ஈஸ்டைக் கொல்லாது, அது புதிதாகப் பெருகுவதைத்தான் தடுக்கும். ஏற்கெனவே கோடிக்கணக்கில் உயிரோடு இருக்கும் ஈஸ்ட், சீனி இருக்கும்வரை தன் வேலையைத் தொடரும். குளிரில் அரைத்தூக்கத்தில் இருந்த என் ஈஸ்ட் ஜூன் மாதச் சூட்டில் விழித்தது அப்படித்தான். ஷம்பேன் செய்பவர்கள் போத்தலுக்குள் இரண்டாம் நொதிப்புக்காக லீற்றருக்கு ஏறத்தாழ 24 கிராம் சீனிதான் சேர்க்கிறார்கள். அதிலிருந்து 6 வளிமண்டலம் அளவுக்கு அழுத்தம் உண்டாகும். அதனால்தான் அந்தப் போத்தலுக்குத் தடித்த கண்ணாடியும் கார்க்கைப் பிடித்துக்கொள்ளக் கம்பிக்கூடும் இருக்கின்றன. சாதாரண வைன் போத்தல் வெடித்தால் நிலவறையில் நிற்பவர் முகத்தில் கண்ணாடி தெறிக்கும். என் போத்தல்களில் கார்க் மட்டும் எழும்பியது அதிர்ஷ்டம் என்றே சொல்வேன்.

நொதிப்பு ஒழுங்காக முடிந்த வைனிலும் நாக்கில் குத்தல் வரும் என்றால், காரணம் வாயுவைச் சரியாக வெளியேற்றாததுதான். பெரிய வைன் சாலைகளில் வைன் மாதக்கணக்கில் பீப்பாயில் கிடப்பதால் கரியமில வாயு தானாகப் போய்விடும். ஆறு வாரக் கிட்டில் அதற்குக் காலம் இல்லை, கலக்கித்தான் வெளியேற்ற வேண்டும். கரண்டியால் இரண்டு நிமிடம் கிண்டிவிட்டு முடிந்தது என்று நினைக்காதீர்கள். ட்ரில் மெஷினில் பொருத்தும் கலக்கித் தண்டு மலிவுதான். அதைத் திரவத்துக்குள் ஆழமாக வைத்து, காற்றை உள்ளே இழுக்கும் சுழி விழாதபடி, திசையை மாற்றி மாற்றி ஓட்டுங்கள். முதலில் மெதுவாகத் தொடங்குங்கள், இல்லாவிட்டால் நுரை பொங்கிக் கூரைவரை போகும். குளிர்ந்த திரவம் வாயுவை இறுகப் பிடித்துக்கொள்ளும் என்பதால் வைன் 22 பாகைக்கு மேல் இருக்கும்போது செய்வது நல்லது. போதுமா என்று அறிய, சின்னப் போத்தலில் பாதிக்கு வைனை ஊற்றி, பெருவிரலால் வாயை அடைத்துக் குலுக்கி, விரலை எடுங்கள். புஸ் என்று சத்தம் வந்தால் இன்னும் கலக்க வேண்டும். வாயு மிஞ்சிய வைன் தெளியவும் மாட்டாது, வண்டலைக் குமிழிகள் மேலே தூக்கிக்கொண்டே இருக்கும்.

அந்தத் தெளியவைக்கும் மருந்தைப் பற்றி, நம் சைவக் குடும்பங்களுக்கு ஒரு சொல். பல கிட்டுகளில் வரும் கைற்றோசான் இறால், நண்டு ஓடுகளிலிருந்து எடுக்கப்படுவது. சிலவற்றில் வரும் ஐசிங்லாஸ் மீனின் காற்றுப்பையிலிருந்து வருகிறது. சைவமாக இருப்பவர்கள் அந்தப் பொட்டலத்தைப் போடாமல் விட்டுக் கூடுதலாகச் சில மாதம் காத்திருந்தால் வைன் தானாகவே பெருமளவு தெளியும். பெண்டோனைற் என்பது வெறும் களிமண் தூள், அதைப் பற்றிக் கவலை இல்லை.

வாயு போன பிறகு வைனுக்குக் காற்றுத்தான் எதிரி. அதுவரை மேலே போர்வை மாதிரி படர்ந்திருந்த கரியமில வாயு இனி இல்லை. கார்பாயின் தோள்மட்டத்தில் வைன் நின்று மேலே காலியிடம் இருந்தால் சில வாரத்தில் நிறம் செங்கல் பக்கம் போகும், வாசம் காய்ந்த பழம் மாதிரி ஆகும். அடைப்பானுக்கு 5 சென்ரிமீற்றர் கீழே வரை நிரப்புங்கள். இங்கே பலர் தண்ணீரை விட்டு நிரப்புகிறார்கள், அது வைனை மெலியவைக்கும். அதே வகைச் சிவப்பு வைன் ஒரு போத்தல் கடையில் வாங்கி ஊற்றுவதுதான் முறை. வண்டலிலிருந்து மாற்றும்போது குழாயின் நுனி மறுபாத்திரத்தின் அடியில் இருக்க வேண்டும், உயரத்திலிருந்து சளசளவென்று விழக்கூடாது.

சுத்தத்தைப் பற்றி எல்லாரும் சொல்வார்கள். யாழ்ப்பாணத்தில் முட்டிக்குள் சுண்ணாம்பு தடவிப் பனையில் கட்டினால் கருப்பநீர், தடவாவிட்டால் கள்ளு என்பது நம்மவர்களுக்குத் தெரியும். காற்றில் வரும் ஈஸ்டும் பற்றீரியாவும் கள்ளுக்கு வேண்டும், கிட் வைனுக்கு வேண்டாம். கழுவுவதும் கிருமி நீக்குவதும் இரண்டு வேலைகள். முதலில் அழுக்குப் போகக் கழுவி, பிறகு 4 லீற்றர் தண்ணீரில் 50 கிராம் மெற்றாபைசல்பைற் (சல்பைற் தூள்) கரைத்து அலசுங்கள். அந்தப் புகையை முகர வேண்டாம், ஆஸ்துமா உள்ளவர்கள் தள்ளி நிற்பது நல்லது. ப்ளீச் வேண்டவே வேண்டாம். குளோரின் கார்க்கிலும் மரத்திலும் உள்ள பூஞ்சையோடு சேர்ந்தால் நனைந்த அட்டைப்பெட்டி வாசம் வந்துவிடும், அதை எடுக்க வீட்டில் வழி இல்லை.

கிட்டை "மேம்படுத்தும்" ஆசையும் வரும். தண்ணீரைக் குறைத்தால் வைன் கெட்டியாக வரும் என்று 20 லீற்றரில் நிறுத்துவார்கள், போதை ஏறட்டும் என்று சீனியோ பனங்கட்டியோ போடுவார்கள். புளிப்பும் துவர்ப்பும் 23 லீற்றருக்கென்று அளந்து வைத்தவை, குறைத்தால் நாக்கைச் சுருட்டும். கூட்டிய சீனியை ஈஸ்ட் தின்று மதுசாரம் மட்டும் உயர்ந்தால் தொண்டை எரியும், சுவை வராது. கனமான வைன் வேண்டுமென்றால் திராட்சைத் தோல் பையோடு வரும் விலை கூடிய கிட்டை வாங்குங்கள். அந்தத் தோல் பை மேலே மிதந்து காய்ந்துபோகாமல் தினமும் ஒருமுறை அமுக்கிவிட வேண்டும். வீட்டில் தண்ணீரை மென்மையாக்கும் கருவி இருந்தால், அதில் உவர்ப்பேறி வரும் தண்ணீரையும் சேர்க்காதீர்கள்.

வீட்டுப் பாவனைக்கு வைன் செய்ய கனடாவில் தடை இல்லை, விற்கக்கூடாது. தமிழ்நாட்டில் 1937-ஆம் ஆண்டின் மதுவிலக்குச் சட்டப்படி உரிமம் இல்லாமல் செய்வது குற்றம் என்பதால் அங்கிருக்கும் உறவுகளுக்குக் கிட் அனுப்ப நினைக்க வேண்டாம். நிறைந்த கண்ணாடிக் கார்பாய் ஏறத்தாழ 30 கிலோ வரும், ஈரக்கையால் கழுத்தைப் பிடித்துத் தூக்காதீர்கள்.

போத்தலில் அடைத்த பிறகு கார்க் விரிந்து இறுக மூன்று நாள் நேராக நிறுத்திவைத்து, பிறகு படுக்கவையுங்கள். முதல் வாரத்திலேயே திறந்து குடித்துவிட்டு, கிட் வைன் இவ்வளவுதான் என்று கைவிடுவோர் நிறையப் பேர். இலேசான சிவப்பு மூன்று மாதத்தில் நன்றாகிவிடும், தோல் பை போட்ட கனமான வகைக்கு ஓராண்டு கொடுங்கள். என் இரண்டாவது கிட்டில் ஆறு போத்தலைப் படிக்கட்டுக்குக் கீழே பழைய போர்வையால் மூடி வைத்தேன். முதல் மாதம் மை மாதிரி துவர்த்த அதே வைன், பதினான்காம் மாதம் மாமா வந்திருந்த அன்று ஆட்டிறைச்சிக் கறியோடு திறந்தபோது நாவற்பழ வாசத்தோடு மெத்தென்று இறங்கியது. மற்ற ஐந்தும் அந்த வாரமே முடிந்தன.