சேட்டைக்காரப் பிள்ளையும் குடும்பப் படமும்: நெல்லைப் பக்கத்துப் படக்காரர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

குடும்பப் படம் எடுப்பதைத் தொழிலாக வைத்திருப்பவர் வீட்டில் மூன்று, நாலு வயதில் துறுதுறுவென்று ஒரு பெண்பிள்ளை இருந்தால், இரண்டு வேலையும் ஒன்றையொன்று இழுத்துக்கொண்டே இருக்கும். சாயங்கால வெளிச்சம் கூடி வருகிற நேரம்தான் அவள் தூங்கி எழுந்து ஆளைத் தேடுகிற நேரம். வாடிக்கையாளர் கூப்பிடுகிற ஞாயிற்றுக்கிழமைதான் அவளுக்கும் அப்பா அம்மா வீட்டில் வேண்டிய நாள். நம் பிள்ளையை வைத்து எடுத்தாலும் சரி, அடுத்தவர் பிள்ளையை எடுத்தாலும் சரி, கெட்டுப்போன படங்களை வரிசையாக வைத்துப் பார்த்தால் லென்ஸால் கெட்டது குறைவு. நேரமும் வரிசையும் தப்பியதால் கெட்டதே அதிகம். பிள்ளையின் பொழுதை முதலில் வைத்துக்கொண்டு, கேமராவை அதற்குள் பொருத்தப் பழக வேண்டும்.

வெளிச்சத்தை மட்டும் பார்த்து நேரம் குறிப்பது

காலை 6:45 முதல் 8 வரை, மாலை 4:45 முதல் 6 வரை. நம் ஊர் வெயிலுக்கு இந்த இரண்டு வேளைதான் முகத்துக்கு நல்லது என்பது எல்லாருக்கும் தெரியும். தவறு எங்கே வருகிறதென்றால், மாலை 5 மணி என்று முடிவு செய்துவிட்டு, பிள்ளையின் மதியத் தூக்கத்தை அப்படியே விட்டுவிடுவதில். 4:15-க்கு எழுந்தவளை 4:30-க்கு உடுத்தி 5 மணிக்கு நிறுத்தினால், கண் வீங்கி, அம்மா தோளை விட்டு இறங்கமாட்டாள். தூங்கி எழுந்த பிறகு முகம் தெளியவே முக்கால் மணி நேரமாவது வேண்டும், உடுத்துவதும் கிளம்புவதும் அதற்குப் பிறகுதான். 5 மணிக்குப் படம் என்றால் 3:30-க்குள் எழுந்திருக்க வேண்டும். அதற்கு 1:30-க்குப் படுக்க வேண்டும். அதற்கு 12:45-க்குச் சோறு. இப்படிப் பின்னாலிருந்து எண்ணி, அன்றைய காலையிலேயே வீட்டாரிடம் சொல்லிவிட வேண்டும். மதியம் தூங்காத பிள்ளையென்றால் மாலையை விட்டுவிட்டுக் காலையையே எடுத்துக்கொள்ளுங்கள்.

பாபநாசம், மணிமுத்தாறு, களக்காடு என்று மலையடிவாரத்துக்குப் போனால் இன்னொரு கணக்கு உண்டு. மேற்கே மலை நிற்பதால் வெயில் அங்கே சீக்கிரம் மறைந்துவிடும். பாளையங்கோட்டை நேரத்தை நம்பிப் போகாமல், அரை மணி முன்னதாகவே தொடங்குங்கள்.

மூன்று, நாலு வயதுப் பிள்ளை கேமரா முன் மனசோடு இருப்பது ஒரு மூச்சில் 15, 20 நிமிஷம். அதற்கு மேல் கிடைத்தால் லாபம் என்று வைத்துக்கொள்ள வேண்டுமே தவிர, ஒரு மணி நேரம் திட்டம் போட்டு அவளை இழுத்துப் பிடிக்கக் கூடாது.

பங்குனி உத்திரத்து மதியப் படம்

சொந்தபந்தம் மொத்தமும் ஒரே இடத்தில் கூடுகிற நாள் நம் பக்கத்தில் பங்குனி உத்திரம்தான். சென்னையிலிருந்தும் வெளிநாட்டிலிருந்தும் வந்தவர்கள் குலதெய்வமான சாஸ்தா கோயிலில் நிற்பார்கள். பூசை முடிந்து, சாப்பாடு முடிந்து, "சரி, எல்லாரும் வாங்க" என்று கூப்பிடும்போது மணி ஒன்றரை. பங்குனி கடைசி, சித்திரை முதல் வாரங்களில் நெல்லையில் நண்பகல் சூரியன் ஏறக்குறைய உச்சந்தலைக்கு மேலே நிற்கும். எல்லார் கண்குழியும் கறுத்து, மூக்கின் நிழல் மேலுதட்டில் விழும். பிள்ளையோ காலையிலிருந்து கூட்டத்திலும் புகையிலும் இருந்து களைத்திருப்பாள்.

கோயிலில் போய் இறங்கியதும், பொங்கல் பானை வைப்பதற்கு முன்பே, 8 மணிக்குள் குடும்பப் படத்தை முடித்துவிட்டால் இந்தத் தொல்லை இல்லை. முடியாமல் மதியத்தில்தான் எடுத்தாக வேண்டுமென்றால் ஆலமரத்தடிக்கோ மண்டபத்துக்கோ போங்கள். நட்டநடு நிழலில் நிறுத்தாமல், நிழல் முடிகிற விளிம்பிலிருந்து ஓரடி உள்ளே, முகம் திறந்த வானத்தைப் பார்க்கும்படி நிறுத்த வேண்டும். இலை இடுக்கில் வட்ட வட்டமாக வெயில் விழும் மரம் வேண்டாம். அந்தப் பொட்டுகளைப் பிறகு மென்பொருளால் முகத்திலிருந்து சுத்தமாக எடுப்பது கடினம். கோயிலுக்கு உள்ளே எடுக்கலாமா என்பதை முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். 2022 டிசம்பரில் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை கோயில்களுக்குள் செல்போனைத் தடை செய்யச் சொன்ன பிறகு, பல இடங்களில் கெடுபிடி கூடியிருக்கிறது.

பிள்ளையை முதலில் நிறுத்திவிட்டுப் பெரியவர்களை ஒழுங்கு செய்வது

இந்த ஒரு தவறு மற்ற எல்லாத் தவறுகளையும் விட அதிகமான படங்களைக் கெடுக்கிறது. பிள்ளையைக் கொண்டுவந்து நடுவில் நிறுத்திவிட்டு, ஆச்சி பக்கத்தில் யார், மதினி எங்கே, பெரிய மாமா உட்காருவாரா நிற்பாரா என்று பேச ஆரம்பிப்பார்கள். அந்தப் பேச்சு முடிய எட்டு நிமிஷம். அதற்குள் அவள் பொறுமை தீர்ந்து, கீழே உட்கார்ந்து மண்ணைக் கிண்டிக்கொண்டிருப்பாள். "அடம் பிடிக்கா பாரு" என்ற பெயரும் அவளுக்கே வரும்.

சரியான வரிசை இது. நாற்காலியைப் போடுங்கள். ஆச்சி, தாத்தாவை உட்கார வையுங்கள். பின்வரிசையை நிறுத்துங்கள். பிள்ளை வரவேண்டிய இடத்தில் ஒரு பையையோ தண்ணீர்ப் பாட்டிலையோ வைத்து, வெளிச்சம், ஃபோகஸ், ஓரத்து ஆள் வெட்டுப்படுகிறாரா என்பதெல்லாம் பார்த்து மூன்று படம் சோதனையாக எடுங்கள். எல்லாம் சரியான பிறகு கடைசியாக அவளைக் கூட்டிவாருங்கள். வந்த முதல் இரண்டு நிமிஷத்தில் முழுக் குடும்பம். அடுத்து அப்பா அம்மாவோடு. அடுத்து ஆச்சி மடியில். அத்தோடு அவளை விட்டுவிடுங்கள். பெரியவர்கள் மட்டும் நிற்கிற படங்களுக்கு அவசரமே இல்லை, அவை கடைசியில் இருக்கட்டும்.

ஒரு படத்தோடு நிறுத்துவதும் தப்பு. ஆறேழு பேர் இருந்தால் யாராவது ஒருவர் கண் மூடியிருப்பார். தொடர் படமாக நாலைந்து தட்டி, சற்று விட்டு மறுபடி தட்டுங்கள். நல்ல சிரிப்பு பெரும்பாலும் "ஆச்சு, முடிஞ்சிது" என்று சொன்ன அடுத்த நொடியில் வரும். விரலை அதுவரை பொத்தானிலிருந்து எடுக்காதீர்கள்.

ஐந்து குரல், ஒரு பிள்ளை

கேமராவுக்குப் பின்னால் சித்தி கை தட்டுவார், மாமா விசில் அடிப்பார், இன்னொருவர் "ஏட்டி, இங்க பாருட்டி" என்பார். பிள்ளையின் கண் ஐந்து திசையில் ஓடும். பெரியவர்கள் அவளைப் பார்த்துக் குனிந்துவிடுவார்கள். குரல் ஒன்றே ஒன்றாக, லென்ஸுக்கு ஒட்டினாற்போல வர வேண்டும். பெரியவர்களிடம் முன்பே சொல்லிவிடுங்கள்: பிள்ளை என்ன செய்தாலும் நீங்கள் லென்ஸை மட்டும் பாருங்கள் என்று. அவள் ஒரு நொடி சிரித்தால் போதும், மற்றவர்கள் தயாராக இருப்பார்கள்.

"சிரி, சிரி" என்றால் பல்லைக் காட்டி, கழுத்து நரம்பு தெரிய ஒரு பாவனை வரும். அதற்குப் பதில் வேலை கொடுங்கள். "ஆச்சி கம்மல்ல எத்தனை கல்லு இருக்கு, எண்ணிச் சொல்லு பாப்போம்" என்றால் அவள் ஆச்சி கன்னத்தோடு ஒட்டிக்கொண்டு விரல் வைத்து எண்ணுவாள். ஆச்சிக்குக் கூச்சத்தில் சிரிப்பு வரும். அந்தப் படத்தைத்தான் வீட்டார் பெரிதாகப் போட்டு மாட்டுவார்கள். அப்பா காதில் ரகசியம் சொல்வது, அண்ணன் தோளில் பூ வைப்பது, பாவாடையைப் பிடித்துச் சுற்றுவது எல்லாம் இதே வகை. ஓடுகிற பிள்ளையை ஓடவிட்டு, ஓடி வந்து சேருகிற இடத்தை நாம் தீர்மானிக்க வேண்டும்.

உடுப்பு, பவுடர், தின்பண்டம்

பட்டுப்பாவாடையை வீட்டிலேயே உடுத்தி ஒரு மணி நேரம் காரில் கூட்டிவருவது வேண்டாம். ஜரிகை இடுப்பில் குத்தும், வியர்க்கும், எரிச்சல் முகத்தில் தெரியும். பருத்திச் சட்டையில் கூட்டிவந்து, படத்துக்குப் பத்து நிமிஷம் முன்னால் மாற்றுங்கள். உள்ளே மெல்லிய பருத்திப் பாவாடை ஒன்று இருக்கட்டும். தலையில் இரண்டு முழம் பிச்சிப்பூவை வைத்துப் பத்து ஊசி குத்தினால் அவள் கை தலையைவிட்டு இறங்காது. ஒரு முழம் போதும்.

முகத்தில் பவுடரை அப்பி ஃபிளாஷ் போட்டால் தோல் சாம்பல் பூத்துத் தெரியும். ஈரத்துணியால் துடைத்துவிட்டு எடுங்கள். தாத்தாவின் வெள்ளை வேட்டி வெளிறிப்போய் மடிப்பே தெரியாமல் போவது இன்னொன்று. கேமராவில் வெளிறிய இடம் மின்னிக் காட்டும் வசதியை இயக்கி, மின்னல் நிற்கும்வரை எக்ஸ்போஷர் திருத்தத்தை −1/3, −2/3 என்று குறையுங்கள்.

சாக்லேட்டும் அல்வாவும் லஞ்சமாகக் கொடுத்தால் உதட்டில் நிறம், பட்டில் நெய்க்கறை. வாழைப்பழத் துண்டு, பொரி, தண்ணீர் போதும். நிலக்கடலை, முந்திரி முழுதாகக் கொடுக்காதீர்கள். ஐந்து வயதுக்குக் கீழே, அதுவும் ஓடிக்கொண்டே தின்றால், தொண்டையில் அடைக்கும்.

கேமராவில் நடக்கிற தப்பு

85 மி.மீ. லென்ஸை எஃப் 1.8-ல் (துளையை அகலத் திறந்து) வைத்து 4 மீட்டர் தூரத்திலிருந்து எடுத்தால், முழு அளவு சென்சாரில் தெளிவாக விழுகிற ஆழம் ஏறக்குறைய ஒரு சாண்தான். ஒற்றைப் பிள்ளைக்கு அழகாக இருக்கும். இரண்டு வரிசைக் குடும்பத்துக்குப் பின்வரிசை முழுக்க மங்கிவிடும். எஃப் 5.6-க்குப் போனால் ஆழம் முக்கால் மீட்டர் ஆகும். வரிசைகளுக்கு இடையே இரண்டடிக்கு மேல் விடாமல் நெருக்கி நிறுத்துங்கள்.

ஷட்டர் வேகம் உட்கார்ந்திருக்கிற பிள்ளைக்கு நொடியில் 250-ல் ஒரு பங்கு, நடக்கிறவளுக்கு 500-ல் ஒரு பங்கு, பாவாடை சுற்றுகிறவளுக்கும் ஓடுகிறவளுக்கும் 1000-ல் ஒரு பங்கு. ஐ.எஸ்.ஓ. (கேமரா வெளிச்சத்தை உணரும் அளவு) 1600 ஏறினாலும் பரவாயில்லை. புள்ளி தட்டிய படத்தைத் திருத்தலாம், அசைந்த படத்தைத் திருத்துவது கடினம். வீட்டுக்குள் டியூப்லைட், எல்.இ.டி. வெளிச்சத்தில் இந்த வேகம் வைத்தால் படத்தில் பட்டை பட்டையாக விழக்கூடும், ஏனென்றால் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் அவற்றில் பல நொடிக்கு 100 தடவை ஏறி இறங்குகின்றன. விளக்கை அணைத்துவிட்டு ஜன்னலோரம் நிறுத்துங்கள். எதிர்ப்பக்கம் ஒரு மீட்டர் தள்ளி வெள்ளை வேட்டியை விரித்துப் பிடித்தால் நிழல் இளகும். ரோஸ், பச்சைச் சுவரில் ஃபிளாஷைத் திருப்பி அடித்தால் அந்த நிறம் அப்படியே முகத்தில் ஏறும். முட்டி போட்டு அவள் கண் மட்டத்துக்கு இறங்காமல் நின்ற வாக்கில் எடுத்தால் தலை பெரிதாகி, கால் குட்டையாகத் தெரியும்.

ஆற்றங்கரையில்

தாமிரபரணிக் கரையில் குறுக்குத்துறைப் படித்துறையும் மருத மரமும் யாருக்குத்தான் பிடிக்காது? ஆனால் தண்ணீர் தொடுகிற படியில் பாசி இருக்கும், அணையில் திறந்துவிட்டால் மட்டம் ஏறும். துறுதுறுப்பான பிள்ளையோடு போனால், ஒரு பெரியவருக்கு அவளைப் பார்த்துக்கொள்வதைத் தவிர வேறு வேலையே இருக்கக் கூடாது. அவர் படத்தில் வரவேண்டியவராகவும் இருக்கக் கூடாது. கண்ணைக் கேமராவில் வைத்தபடி பின்னால் நகர்வதை அறவே விடுங்கள். ஆனி, ஆடி மேல்காற்றில் குடைவிளக்கு பாய்மரம்போல ஆளையே இழுக்கும். ஸ்டாண்டின் அடியில் 5 கிலோ மணல் பை கட்டாமல் பிள்ளை பக்கத்தில் நிறுத்தாதீர்கள்.

வேலைக்கு மகளையும் கூட்டிப்போவது

வாடிக்கையாளர் பிள்ளையைப் படம் எடுக்கிற அம்மா குதித்துக் குதித்துச் சிரிக்க வைப்பார். தன் மகளிடம் திரும்பி "சும்மா இருக்கியா" என்பார். நாலு வயதுக்கு அது விளங்காது, வலிக்கும். அவள் இடையில் புகுந்து கெடுப்பது அந்த வலியால்தான். ஆச்சி வீட்டிலோ அத்தை வீட்டிலோ விட்டுப் போக வழியிருந்தால் அதுதான் நல்லது. இல்லையென்றால் அவளுக்கென்று ஒரு துணையாள் வேண்டும்.

இதைவிடப் பெரிய ஆபத்து ஒன்று கேமராப் பைக்குள் இருக்கிறது. ரிமோட்டிலும் ஃபிளாஷை இயக்கும் சில டிரிகர்களிலும் உள்ள சி.ஆர். 2032 போன்ற பொத்தான் பேட்டரியை விழுங்கினால், உணவுக்குழாயில் சிக்கி இரண்டு மணி நேரத்திலேயே கடுமையாக அரித்துவிடும். மூடிக்கு ஸ்குரூ இல்லாத ரிமோட்டை டேப் சுற்றி வையுங்கள். தீர்ந்த பேட்டரியை அன்றைக்கே அப்புறப்படுத்துங்கள். விழுங்கியிருப்பாளோ என்ற சந்தேகம் வந்தாலே வாந்தி எடுக்க வைக்காமல் நேரே பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் அரசு மருத்துவமனைக்கோ அருகிலுள்ள எக்ஸ்ரே வசதியுள்ள மருத்துவமனைக்கோ ஓடுங்கள். சிலிக்கா ஜெல் பொட்டலத்தையும் அவள் கைக்கு எட்டாமல் வையுங்கள்.

வீட்டில் புது விளக்கு வாங்கினால் சோதனைக்கு நிற்பது எப்போதும் மகள்தான். வாரத்தில் நாலு நாள் இப்படி நிறுத்தினால் கேமராவைக் கண்டாலே முகத்தைத் திருப்புவாள். சோதனைக்குத் தலையணையில் ஒரு துண்டைச் சுற்றி வைத்தாலே போதும். அவளிடம் "எடுக்கட்டுமா?" என்று கேளுங்கள், வேண்டாம் என்றால் கேமராவை உறைக்குள் வையுங்கள். தன் சொல் நிற்கிறது என்று தெரிந்த பிள்ளை அடுத்த முறை தானாக வந்து நிற்கும். பழைய கேமரா ஒன்று இருந்தால் கழுத்துப் பட்டையைக் குறைத்துக் கட்டி அவள் கையிலேயே கொடுங்கள்.

தொழிலாகச் செய்கிறவர்கள் வீட்டில், எடுக்கிறவர் எந்தப் படத்திலும் இருக்கமாட்டார். பிள்ளை வளர்ந்து தேடும்போது அம்மாவோ அப்பாவோ அந்த வருஷங்களில் இல்லாததுபோல இருக்கும். முகூர்த்தம் இல்லாத ஆடியிலோ மார்கழியிலோ ஒரு காலையை இதற்கென்று ஒதுக்குங்கள். டிரைபாடை இடுப்பு உயரத்தில் வைத்து, எஃப் 5.6, நொடியில் 500-ல் ஒரு பங்கு, ஐ.எஸ்.ஓ. தானாக, இரண்டு நொடிக்கு ஒரு படம் வீதம் 60 படம் என்று இடைவெளிப் பதிவைப் போட்டுவிட்டு நீங்களும் போய் அவளோடு உட்காருங்கள். 10 நொடி டைமரை நம்பி ஓடி ஓடி வந்தால் அவள் உங்கள் பின்னாலேயே ஓடுவாள். இரண்டு நிமிஷம் தொடர்ந்து எடுத்தால் அவள் கேமராவை மறந்துவிடுவாள். அந்த 60-ல் நாலு தேறும்.