மேடைக்கு எந்தப் பீஸ்? சின்னப் பிள்ளைகளின் பியானோ ரிசைட்டலில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ரிசைட்டலுக்கு, அதாவது மாணவர்கள் மேடையில் வாசித்துக் காட்டும் நிகழ்ச்சிக்கு, இரண்டு மாதம் இருக்கும்போது பெற்றோர் வழக்கமாகக் கேட்பது, "இந்தத் தடவை கொஞ்சம் பெரிய பீஸா வாசிக்கட்டுமே?" என்றுதான். ஆசையில் தப்பே இல்லை. ஆனால் மேடையில் பாதியில் நின்றுபோகும் பிள்ளைகளில் பலர் வீட்டில் ஒழுங்காகப் பழகியவர்கள்தான். பீஸை, அதாவது வாசிக்கப் போகும் இசைத் துண்டை, தேர்ந்தெடுத்த அன்றே கோளாறு தொடங்கிவிடுகிறது. ஆசிரியராக நானும் இந்தத் தவறுகளில் பாதிக்கு மேல் செய்திருக்கிறேன்.

எல்லோரும் செய்வது, வகுப்பில் இப்போது திக்கித் திணறிக் கற்றுக்கொண்டிருக்கும் பீஸையே மேடைக்கும் வைப்பது. வகுப்பில் பிள்ளையைக் கொஞ்சம் எட்டிப் பிடிக்க வைக்கிறோம், சரி. மேடையில் கண்ணைக் கூசும் விளக்கு, பழக்கமில்லாத பியானோ, முன்வரிசையில் போனைத் தூக்கிப் பிடித்த அப்பா. வீட்டில் பத்துக்கு எட்டுத் தடவை சரியாக வரும் இடம், மேடையில் பார்த்து அந்த மீதி இரண்டில் போய் விழும். அதனால் பிள்ளையின் இப்போதைய நிலைக்கு ஒரு படி, முடிந்தால் இரண்டு படி கீழே தேடுங்கள். என் அளவுகோல் இதுதான்: தூக்கக் கலக்கத்தில், பசியோடு, தம்பி பக்கத்தில் கத்திக்கொண்டிருக்கும்போதும் நிற்காமல் வாசிக்க முடிகிறதா? முடிந்தால் அது மேடைக்கான பீஸ்.

அப்புறம் பீத்தோவனின் 'ஃபூர் எலிஸ்'. இதைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. தொடக்கத்தில் வலது கை இ, டி ஷார்ப் என்று பக்கத்துப் பக்கத்துக் கட்டைகளுக்குள் ஊசலாடும். காதில் ஏற்கெனவே இருக்கும் மெட்டு என்பதால் பிள்ளை சீக்கிரம் பிடித்துவிடும். வீட்டில் ஒரே கொண்டாட்டம். சிக்கல் அதற்கு அப்புறம். எஃப் மேஜர் பகுதி வந்ததும் வலது கையில் முப்பத்திரண்டாம் நோட்டுகள் (மிக வேகமான குட்டி நோட்டுகள்) சரசரவென்று கொட்டும். இன்னொரு பகுதியில் இடது கை கீழே ஒரே ஏ-வை விடாமல் தட்டிக்கொண்டிருக்க, மேலே கனமான கார்டுகள் (பல நோட்டுகளை ஒன்றாக அடிப்பது) வரும். எந்த வேகத்தில் ஆரம்பிக்கிறோமோ அதே வேகத்தில்தானே அந்த இடங்களையும் தாண்ட வேண்டும்? படபடப்பில் முதல் பக்கத்தை ஓட்டிவிட்டு நடுவில் மாட்டிக்கொண்ட பிள்ளைகளை நிறையப் பார்த்திருக்கிறேன். முதல் நாலு வரியைப் பார்த்துப் பீஸை எடுக்காதீர்கள். பக்கங்களைப் புரட்டி, எந்த பார் (தாளக் கட்டம்) மிகக் கஷ்டம் என்று கண்டுபிடித்து, அதை வைத்து முடிவு செய்யுங்கள்.

முதல் பகுதியை மட்டும் வாசித்தால் என்ன என்று கேட்டால், தாராளமாக வாசிக்கலாம். 1810-இல் எழுதிய இதை பீத்தோவன் தன் ஆயுளில் அச்சுக்கே கொடுக்கவில்லை, 1867-இல்தான் வெளிவந்தது. பாதியில் நிறுத்தினோம் என்று அவர் கோபித்துக்கொள்ளப் போவதில்லை.

கையளவைப் பார்க்காமல் விடுவது இன்னொன்று. பியானோவின் ஒரு வெள்ளைக் கட்டை ஏறக்குறைய 23.5 மில்லிமீட்டர் அகலம். ஒரு ஆக்டேவை, அதாவது எட்டு வெள்ளைக் கட்டை தூரத்தை, சேர்த்துப் பிடிக்க, கட்டை விரலுக்கும் சுண்டு விரலுக்கும் நடுவே 16 சென்டிமீட்டருக்கு மேல் விரிய வேண்டும். ஆறு ஏழு வயதுக் கை பொதுவாக ஐந்தாறு கட்டைகளோடு நின்றுவிடும். இழுத்துப் பிடித்தால் மணிக்கட்டு இறுகி, சத்தம் கட்டையாக வரும். பெடலும் அப்படித்தான். கால் தரையையே தொடாத பிள்ளை பெடலுக்காக ஸ்டூலின் விளிம்புவரை வழுக்கி வந்து, பாதி நின்றுகொண்டு வாசிப்பதைப் பார்த்தால் நமக்கே பயமாக இருக்கும். பெடல் இல்லாமலேயே நன்றாக ஒலிக்கும் பீஸ்கள் ஏராளம். டியாபெல்லி என்ற இசையமைப்பாளரின் ஓபஸ் 149 என்ற தொகுப்பு நான்கு கைகளுக்கு, அதாவது இருவர் சேர்ந்து வாசிக்க எழுதியது. மாணவர் பங்கு ஐந்து நோட்டுகளுக்குள் அடங்கிவிடும், நிறைவான இசையைக் கீழே ஆசிரியர் பார்த்துக்கொள்வார். முதல் தடவை மேடை ஏறும் பிள்ளைக்குப் பக்கத்தில் ஒரு ஆள் இருப்பதே பாதி தைரியம்.

இனி நான் நேரடியாகச் சூடுபட்ட விஷயம். ஏழு வயதுப் பையன், நல்ல காது. ஜி மேஜர் மினுயெட் என்ற சின்ன நடன இசை கொடுத்தேன். (பாக் எழுதியது என்று பல புத்தகங்களில் இருக்குமே, அதுதான். உண்மையில் எழுதியவர் கிறிஸ்டியன் பெட்ஸோல்ட். பாக்கின் மனைவி அன்னா மக்தலேனாவின் 1725-ஆம் வருட நோட்டுப் புத்தகத்தில் இருந்ததால் வந்த குழப்பம்.) இதில் முதல் எட்டு பாரும் அடுத்த எட்டு பாரும் ஒரே மாதிரி தொடங்கும். வலது கைக்கு ஆறு பார் வரை அச்சு அசலாக ஒன்றேதான். ஏழாவதில்தான் பாதை பிரிகிறது. முதல் தடவை ஏ-யில் போய் நிற்கும், இரண்டாம் தடவை ஜி-யில் வந்து முடியும். பையன் மேடையில் இரண்டாம் தடவையும் முதல் பாதையிலேயே போனான். மறுபடி ஆரம்பத்துக்கு வந்தான். மறுபடியும் அதே திருப்பம். செக்கு மாடு மாதிரி மூன்று சுற்று. நாலாவது சுற்றில் என்னை ஓரக்கண்ணால் பார்த்தான். நான் பக்கவாட்டிலிருந்து விரலை ஆட்டினேன், அது அவனுக்கு எதையும் சொல்லவில்லை. கடைசியில் அவனே கையை எடுத்துவிட்டு எழுந்து வணங்கினான். கைதட்டல் பலமாகத்தான் இருந்தது, அவன் முகம்தான் சரியில்லை.

தப்பு அவனுடையது இல்லை. இப்படி இரட்டைப் பாதை இருக்கும் பீஸை மனப்பாடமாக வாசிக்கச் சொன்னேன், பாதை பிரியும் இடத்தைத் தனியாக எடுத்துப் பழக்கவில்லை. இப்போது எந்தப் பீஸை எடுத்தாலும் ஒரே மாதிரி தொடங்கி வேறு மாதிரி முடியும் இடங்களை முதலில் எண்ணுகிறேன். இரண்டுக்கு மேல் இருந்தால் நோட்ஸைப் பார்த்து வாசிக்க விடுகிறேன், அல்லது வேறு பீஸ். சின்னப் பிள்ளைகள் பாராமல் வாசித்தே ஆக வேண்டும் என்று எந்தச் சட்டமும் கிடையாது.

இடது கையில் மெட்டு வரும் பீஸ்களிலும் ஒரு கண் வேண்டும். இசையமைப்பாளர் ஷூமான் 1848-இல் தன் மூத்த மகளின் ஏழாவது பிறந்தநாளுக்காக எழுதத் தொடங்கிய குழந்தைகள் ஆல்பத்தில் 43 பீஸ்கள். அதில் பத்தாவதான 'மகிழ்ச்சியான உழவன்' ரிசைட்டல்களில் அடிக்கடி வரும். மெட்டு இடது கையில், வலது கை இடையிடையே சின்னக் கார்டுகளைத் தட்டும். அதுவரை வலது கையிலேயே மெட்டு வாசித்துப் பழகிய பிள்ளை, தட்டலை ஓங்கி அடித்து மெட்டை அமுக்கிவிடும். ஒரு வருடம் கழித்து எடுத்தால் அருமையான பீஸ்.

சினிமாப் பாட்டு வேண்டாம் என்று சொல்லமாட்டேன். ஆனால் பாட்டில் வரியும் பாடகர் குரலும் சுமக்கிற பாரத்தைப் பியானோவில் வெறும் மெட்டு சுமக்காது. ஒரே நோட்டைப் பத்துத் தடவை தட்டுவது போல ஆகிவிடும். பிள்ளைக்கென்றே எழுதிய நல்ல அரேஞ்ச்மெண்ட் கிடைத்தால் சரி.

நீளம்? ஆறு வயதுக்கு ஒரு நிமிடம் போதும்.

அரங்கில் எந்த வாத்தியம் என்பதைக் கடைசி வாரம்தான் விசாரிக்கிறார்கள். 61 கட்டைக் கீபோர்டில் பழகிய பிள்ளைக்கு 88 கட்டைப் பியானோவில் நடு ஸி எங்கே என்றே குழம்பும். ஒரு ஆக்டேவ் தள்ளி உட்கார்ந்து ஆரம்பித்துவிடும். கட்டைகளும் கனம், வேகமான நோட்டுகள் பாதி ஒலிக்காது. வீட்டில் கீபோர்டுதான் என்றால் வேகத்தை நம்பியிருக்கும் பீஸை விட்டுவிடுங்கள்.

தேர்வைப் பிள்ளையிடமே முழுசாக விட்டால் யாரோ அக்கா வாசித்த வீடியோவைக் காட்டும். கேட்காமலே திணித்தால் இரண்டு மாதம் இழுபறி. நான் பொருத்தமான மூன்றை வாசித்துக் காட்டி, ஒன்றை எடுக்கச் சொல்வேன். எடுத்த பீஸ் நிகழ்ச்சிக்கு மூன்று வாரம் முன்பே முழுதாக வந்துவிட வேண்டும். மிச்ச நாள் யாராவது நாலு பேர் முன்னால் வாசித்துப் பழகத்தான்.

மூன்று நாள் இருக்கும்போது இன்னும் தடுக்குகிறதா? புதுப் பீஸுக்குத் தாவாதீர்கள், இருப்பதை வெட்டுங்கள். ரிப்பீட்டை விடலாம். அந்த மினுயெட்டையே பதினாறாவது பாரோடு நிறுத்தலாம். அங்கே ஜி-யில் ஒழுங்காக முடிகிறது, இரண்டாம் பாதி இருக்கிறது என்றே தெரியாதவர்களுக்கு அதுதான் முடிவு. அடுத்த வருடம் அந்தப் பையன் அதைத்தான் வாசித்தான்.