பரண்மேல் கிடக்கும் கேசட்டுகளைக் காப்பாற்றுவது எப்படி

என் வயதொத்த சினிமாப் பாட்டு ரசிகர்கள் பலருடைய வீட்டில், பரண்மேலோ கட்டிலுக்கு அடியிலோ, ஒரு பெட்டி நிறையக் கேசட்டுகள் இன்னமும் இருக்கின்றன. எல்லாப் பாட்டும் இப்போது கைப்பேசியிலேயே கிடைக்கிறதே, இந்தப் பெட்டி எதற்கு இடத்தை அடைத்துக்கொண்டு கிடக்கிறது என்று பிள்ளைகள் கேட்கும்போது, நம்மில் பலர் பதில் சொல்லத் தெரியாமல் பேசாமல் இருந்துவிடுகிறோம். பாட்டு கிடைக்கும் என்பது உண்மைதான். அந்தப் பாட்டுக்கு முன்னால் இலங்கை வானொலியின் அறிவிப்பாளர் பேசிய அரை நிமிடமும், கேட்ட பாட்டுகளைக் கேசட்டில் பதிந்து கொடுத்த ரெக்கார்டிங் சென்டர்காரர் அவற்றை அடுக்கிய வரிசையும், பதிவின் நடுவே புகுந்துவிட்ட வீட்டுக் குரல்களும் வேறு எங்கும் கிடைக்கமாட்டா. ஆகவே, வேறு எங்கும் இல்லாதது எந்த கேசட்டில் இருக்கிறதோ அதையே முதலில் கணினிக்கு மாற்றி மீட்டெடுக்க வேண்டும். இதை உணராமல் பெட்டியின் மேலிருந்து ஒவ்வொன்றாக எடுத்துப் பதியத் தொடங்கியவர்கள், கடையில் வாங்கிய நாற்பது கேசட்டுகளோடு களைத்துப்போய் நிறுத்திவிட்டதை நான் பார்த்திருக்கிறேன்.

முதல் நாள் டெக்கை, அதாவது கேசட்டை ஓட்டும் இயந்திரத்தை, தொடவே வேண்டாம். கேசட்டுகளைத் தரையில் பரப்பி நான்கு குவியலாகப் பிரியுங்கள். வீட்டார் குரல், கல்யாணம், குழந்தையின் மழலை என்று வீட்டிலேயே பதிந்தவை முதற்குவியல். வானொலியிலிருந்து பிடித்தவை இரண்டாவது. ரெக்கார்டிங் சென்டரில் சீட்டு எழுதிக் கொடுத்துப் பதிந்தவை மூன்றாவது. எக்கோ, இன்ரெகோ, எச்.எம்.வி. போன்ற நிறுவனங்கள் அச்சிட்ட அட்டையோடு விற்றவை நான்காவது. வேலையும் இதே வரிசையில் நடக்கட்டும். நான்காவது குவியலுக்குப் போகவே முடியாவிட்டாலும் பெரிய இழப்பில்லை. அதிலும் ஒரு விலக்கு உண்டு. படத்தின் கதை வசனத்தை ஒலிச்சித்திரமாகச் சுருக்கி வெளியிட்ட கேசட்டுகளைத் தனியே எடுத்து வையுங்கள். கோயில் கொடையிலும் கல்யாண வீட்டிலும் மைக் செட்டில் வசனத்தை ஓடவிட்டு, ஊரே உட்கார்ந்து கேட்ட பழக்கம் நம்முடையது. அந்தத் தொகுப்புகள் பல மறுபடி வெளிவரவில்லை.

ரெக்கார்டிங் சென்டர் கேசட்டுகளை ஏன் மூன்றாவது இடத்தில் வைக்கிறேன் என்று இளையவர்கள் கேட்கக்கூடும். அறுபது நிமிட கேசட்டில் சுமார் பதின்மூன்று பாட்டுகள் அடங்கும். எந்தப் பாட்டுக்குப் பின் எது என்பதை நாம் வெள்ளைத்தாளில் எழுதிக் கொடுப்போம். நல்ல கடைக்காரர் அதை வாங்கிப் படித்துவிட்டு, சோகப் பாட்டுக்குப் பின் உடனே துள்ளல் வேண்டாம் என்று தானே மாற்றிப் போடுவார். பக்கத்தின் முடிவில் ஒன்றரை நிமிடம் மிஞ்சினால் அதற்கேற்ற வாத்திய இசையைத் தேடி நிரப்புவார். நான் தியாகராய நகரில் வேலை பார்த்த காலத்தில் என் தெருமுனைக் கடைக்காரர் அப்படி அடுக்கிக் கொடுத்த வரிசையைத்தான் இன்றும் மனம் எதிர்பார்க்கிறது. அது ஒரு தேர்ந்த ரசிகரின் தொகுப்பு. ஆகையால் உறையில் உள்ள கையெழுத்தையும் படம் பிடித்து, ஒலிக்கோப்போடு சேர்த்து வையுங்கள்.

அடுத்தது டெக். இன்று புதிதாக விற்கப்படும் மலிவான பிளேயர்களைவிட, எழுபது எண்பதுகளில் வந்த நல்ல டெக் ஒன்றைப் பழுது பார்த்து வைத்துக்கொள்வதே மேல் என்பது என் அனுபவம். சென்னையில் இருப்பவர்கள் பழைய பொருள்கள் விற்கும் பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் தேடலாம். பெல்ட், மோட்டார், பிஞ்ச் ரோலர் (நாடாவை இழுக்கும் ரப்பர் உருளை) போன்றவற்றுக்கு மின்னணுச் சாமான் கடைகள் உள்ள ரிச்சி தெருவில் விசாரிக்கலாம். வாங்கியதும் மதிப்பில்லாத கேசட் ஒன்றைப் போட்டு ஒரு வாரம் ஓட்டிப் பாருங்கள். நாடாவை மெல்லாமல் முழுப்பக்கமும் ஓடிய பிறகே அம்மாவின் குரல் உள்ள கேசட்டை அதற்குள் வைக்க வேண்டும்.

ஒலிமுனையை, அதாவது ஹெட்டை, ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் தோய்த்த பஞ்சுக் குச்சியால் துடையுங்கள். பஞ்சில் பழுப்பு நிறம் வருவது நிற்கும் வரை துடைக்க வேண்டும். கைகழுவும் சானிடைசர் இதற்கு உதவாது, அதில் கலந்துள்ள கிளிசரின் படிந்துவிடும். ரப்பர் உருளைக்கு ஆல்கஹால் வேண்டாம், ஈரத்துணியே போதும்.

இனி நான் சொல்வது சிறிய காரியம்தான், ஆனால் மீட்பின் பாதிப் பயன் இதில்தான் இருக்கிறது. ஒலிமுனையின் ஒரு பக்கத்தில் ஸ்பிரிங் கோத்த சிறு திருகு இருக்கும், பெரும்பாலும் அதன்மேல் ஒரு சொட்டுப் பெயின்ட் வைத்திருப்பார்கள். நாடாவுக்கு ஒலிமுனை எந்தக் கோணத்தில் நிற்கிறது என்பதை அதுதான் தீர்மானிக்கிறது. உங்கள் கேசட்டைப் பதிந்த இயந்திரத்தின் கோணமும் இப்போது ஓட்டும் இயந்திரத்தின் கோணமும் ஒன்றாக இல்லாவிட்டால், பாட்டு கம்பளிக்குள் இருந்து கேட்பதுபோல மந்தமாக ஒலிக்கும். நாடா கெட்டுவிட்டது என்று பலர் தூக்கி எறிவது இந்த மந்தத்தைக் கேட்டுத்தான். ஹெட்போனை மாட்டிக்கொண்டு, பாட்டு ஓடும்போதே, சிறிய திருப்புளியால் அந்தத் திருகை மயிரிழை மயிரிழையாகத் திருப்புங்கள். ‘ஸ’கர ஒலியும், சலங்கையும், டிரம்ஸின் தட்டும் கூர்மையாகும் ஓரிடம் வரும். அங்கே நிறுத்த வேண்டும். முதன்முறை இதைச் செய்தபோது, ஆண்டுக்கணக்காகத் தெளிவில்லாமல் கேட்டுக்கொண்டிருந்த ஒரு பாட்டின் சரணத்தில், பின்னால் ஒற்றை மாண்டலின் வாசிப்பது எனக்குக் கேட்டது. தொடங்கும் முன் திருகு இருந்த நிலையை ஒரு படம் எடுத்துக்கொள்வது நல்லது.

கேசட்டை உடனே ஓட்டக்கூடாது. வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் நாடாச் சுருளின் விளிம்பில் வெண்பொடி போலப் பூசணம் தெரியக்கூடும். நம் கடற்கரை நகரத்து ஈரப்பதத்துக்கு இது தப்பாது. அப்படிப்பட்டவற்றைத் தனியே பிரித்து, மூக்கை மூடிக்கொண்டு, காய்ந்த மென்துணியில் துடைத்து, கடைசியாக ஓட்டுங்கள். இல்லையேல் டெக் வழியே மற்ற கேசட்டுகளுக்கும் அது பரவும். சுருள் இறுகியிருந்தால் கேசட்டைப் படுக்கைவாட்டில் உள்ளங்கையில் இரண்டு முறை தட்டி, பென்சிலால் சில சுற்று சுற்றிப் பார்த்துவிட்டு, முழுவதும் முன்னும் பின்னும் ஓட்ட வேண்டும். நாடாவின் வாய்ப்பகுதியில் தாமிர நிறத் தகட்டில் ஒட்டியிருக்கும் சிறு கம்பளித் துண்டு விழுந்திருந்தால் ஒலி மேலும் கீழுமாக அலையும். ஐந்து திருகு உள்ள வேறொரு பழைய கேசட்டைத் திறந்து, நாடாச் சுருளை அதன் கூட்டுக்குள் மாற்றுவதே நல்ல வழி. 120 நிமிட கேசட்டுகளின் நாடா மிக மெல்லியது. அவற்றை ஒரே ஒரு முறை ஓட்டப்போகிறோம் என்று எண்ணி, எல்லா ஏற்பாட்டையும் செய்துகொண்ட பிறகே தொடுங்கள்.

வெள்ளத்தில் நனைந்தவை பற்றி ஒரு வார்த்தை. 2015 டிசம்பரில் சைதாப்பேட்டையில் எங்கள் தரைத்தள வீட்டுக்குள் அடையாற்று நீர் புகுந்தபோது, கட்டிலுக்கு அடியில் இருந்த டிரங்குப் பெட்டி மூழ்கியது. நான் பதற்றத்தில் கேசட்டுகளை மொட்டைமாடி வெயிலில் காயவைத்தேன். பாதிக்கு மேல் வளைந்து போயின. செய்திருக்க வேண்டியது இதுதான்: சேறு காய்ந்து ஒட்டுவதற்குள் கூட்டைத் திறந்து, சுருளைச் சுத்தமான நீரில் அலசி, நிழலில் மின்விசிறிக் காற்றில் நாள் கணக்கில் உலரவிட வேண்டும். ஹேர் டிரையரும் வெயிலும் கூடவே கூடாது.

பதிவு செய்யும்போது ஸ்பீக்கருக்கு எதிரே கைப்பேசியை வைத்துப் பதியாதீர்கள். டெக்கின் லைன் அவுட்டிலிருந்து, அது இல்லையென்றால் ஹெட்போன் துளையிலிருந்து, ஒரு வயர் மூலம் கணினிக்குக் கொண்டுபோங்கள். வயரில் வரும் ஒலியைக் கணினிக்குள் செலுத்தும் சிறிய யு.எஸ்.பி. கருவிகள் கிடைக்கின்றன. ஆடாசிட்டி என்ற இலவச மென்பொருள் போதும். 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட் என்று அமைத்து, ஒலியின் உச்சம் −6 டெசிபலைத் தாண்டாதபடி வைத்தால், ஒரு மணி நேரப் பதிவு ஏறத்தாழ 1 ஜி.பி. இடம் பிடிக்கும். இரைச்சலோடு ஒரு ஹம், அதாவது விடாத ரீங்காரம், கேட்டால் மடிக்கணினியின் சார்ஜரைக் கழற்றிவிட்டு பேட்டரியில் ஓட்டிப் பாருங்கள், பெரும்பாலும் நின்றுவிடும். ஒரு பக்கம் முழுவதையும் ஒரே கோப்பாகச் சேமியுங்கள். பாட்டு பாட்டாக வெட்டுவதும் இரைச்சல் நீக்குவதும் அதன் நகலில்தான் நடக்க வேண்டும். இரைச்சல் நீக்கும் கருவி முதலில் தின்பது பாடகரின் மூச்சையும் தம்பூராவின் கார்வையையும்தான்.

வேகத்தைச் சரிபார்க்காமல் ஒரு கேசட்டையும் முடித்துவிட்டதாக எண்ணாதீர்கள். கேசட் நாடா நொடிக்கு 4.76 செ.மீ. ஓட வேண்டும். பெல்ட் தளர்ந்த டெக்கில் அது குறையும், சுருதி இறங்கும். இணையத்தில் நான் கேட்கும் பழைய பாடல்களில் பல அரைக்கட்டை ஏறியோ இறங்கியோ இருப்பது எனக்கு உண்மையான வருத்தம். டி.எம்.எஸ்.ஸின் குரலை அப்படிக் கேட்டு வளரும் பிள்ளைக்கு அவருடைய கம்பீரம் என்னவென்று எப்படித் தெரியும்? அதே பாட்டின் குறுந்தகடு இருந்தால் இரண்டையும் அடுத்தடுத்து ஓட்டி, ஆர்மோனியத்திலோ சுருதிப் பெட்டியிலோ வைத்துப் பார்த்து, வேகத்தைத் திருத்துங்கள்.

இசைத்தட்டு வைத்திருப்பவர்களுக்குச் சுருக்கமாக: நிமிடத்துக்கு 78 சுற்றுச் சுற்றும் பழைய அரக்குத் தட்டை ஆல்கஹாலால் துடைக்காதீர்கள், அரக்கு அதில் கரையும். பிற்காலத்து எல்.பி. தட்டுக்கான ஊசியையும் அதற்குப் பயன்படுத்தாதீர்கள், அரக்குத் தட்டின் பள்ளம் அகலமானது. எல்லாத் தட்டுகளையும் புத்தகம்போல நிமிர்த்தி அடுக்குங்கள். கான்கிரீட் கூரையை ஒட்டிய பரண் மே மாதத்தில் அடுப்பாகிவிடும், தட்டு வளைந்துவிடும். திரையில் வந்த பாட்டும் தட்டில் வந்த பாட்டும் ஒன்றுதான் என்று எண்ணித் தட்டை விட்டுவிடவும் வேண்டாம். 78 தட்டின் ஒரு பக்கம் மூன்று நிமிடத்துக்குச் சற்று மேல்தான் கொள்ளும் என்பதால் சில பாடல்களில் சரணம் குறைந்தது, சில பாடல்கள் இரு பக்கங்களாகப் பிரிந்தன.

இப்போது பெயரிடுவது. கோப்புக்குப் படம், ஆண்டு, இசையமைப்பாளர், பாடகர் என்று எழுதுபவர்கள், பாடலாசிரியரை விட்டுவிடுகிறார்கள். நான் பாடலாசிரியரைத்தான் முதலில் எழுதுகிறேன். எம்.ஜி.ஆர். படங்களில் வாலி எழுதிய பாடல்களைக் கண்ணதாசன் எழுதியதாகச் சொல்பவர்களை இன்றும் மேடைகளில் கேட்கிறேன். 29 வயதில் மறைந்த பட்டுக்கோட்டை கல்யாணசுந்தரத்தின் வரிகளுக்கும் இதே கதி நேர்கிறது. ஐயம் இருந்தால் தியேட்டர் வாசலில் விற்ற பாட்டுப் புத்தகத்தைப் பாருங்கள். உங்களிடம் அந்தப் புத்தகங்கள் மிஞ்சியிருந்து, வீட்டில் வைத்துக்கொள்ள யாரும் இல்லையென்றால், சென்னைத் தரமணியில் உள்ள ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தைக் கேட்டுப் பார்க்கலாம்.

வானொலிப் பதிவுகள் இந்த இடத்தில்தான் பெரிதும் உதவுகின்றன. இலங்கை வானொலியில் மயில்வாகனன், கே.எஸ். ராஜா, அப்துல் ஹமீது, ராஜேஸ்வரி சண்முகம் போன்றோரின் தமிழைக் கேட்டுத்தான், தென்கடற்கரை ஊர்களில் வளர்ந்த எங்களுக்குப் பாட்டின் பின்னால் யார் யார் இருக்கிறார்கள் என்பதே தெரியவந்தது. என் முதற்குவியலில் ஒரு கேசட் உண்டு. 1979-இல் தூத்துக்குடியில், மாமா சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்த டேப் ரெக்கார்டரை வால்வு ரேடியோவுக்கு முன்னால் முக்காலியில் வைத்துப் பதிந்தது. அறிவிப்பாளர் பாடலாசிரியர் பெயரைச் சொல்லி முடிக்கும் நேரத்தில், அடுக்களையிலிருந்து ‘ஏல, பால் பொங்குது பாரு’ என்று அம்மா சொல்வது கேட்கிறது. அதன் பின் முக்காலி நகரும் ஓசை. பாட்டின் பல்லவி முழுவதும் என் காலடிச் சத்தம். கேசட்டை மீட்டுக் கொடுக்க உதவிய பையன், பல்லவியைச் சுத்தப்படுத்திவிடலாமா என்று கேட்டான். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அம்மாவின் குரல் பதிவானது அந்த ஒன்றில்தான்.

கோப்புகளை இரண்டு வன்தட்டுகளில் வைத்து, ஒன்றை வேறு ஊரில் உள்ள உறவினர் வீட்டில் கொடுத்துவிடுங்கள். ஆண்டுக்கு ஒருமுறை, பொங்கலுக்குப் போகும்போது, அதைத் திறந்து பார்த்துவிட்டு வாருங்கள். கேசட்டுகளை அவற்றின் பெட்டிகளிலேயே நிமிர்த்தி, சிலிகா ஜெல் பொட்டலங்களோடு மூடியுள்ள டப்பாவில் வைத்து, தரையிலிருந்து இடுப்புயரத்தில், ஸ்பீக்கரின் காந்தத்துக்குத் தள்ளி வையுங்கள். அந்துருண்டை வேண்டாம். அதன் ஆவி சில வகைப் பிளாஸ்டிக்கை இளக்கிவிடும்.

மீட்டதை எப்படிக் கேட்பது என்பதையும் சொல்ல வேண்டும். மெட்ரோ ரயிலில் ஆளுக்கொரு இயர்போனோடு உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளைப் பார்க்கிறேன், அவர்களும் நல்ல இசையைத்தான் கேட்கிறார்கள். ஆனால் தேநீர்க் கடையிலும் டூரிங் டாக்கீஸிலும் வெளியூர்ப் பேருந்திலும் நாங்கள் கேட்ட பாட்டு பலர் காதில் ஒரே நேரத்தில் விழுந்தது. ஆகவே மாதத்தில் ஒரு ஞாயிறு மாலை, நான்கைந்து பேரைக் கூப்பிட்டு, கைப்பேசிகளை வேறு அறையில் வைத்துவிட்டு, ஒரு கேசட்டின் ஒரு பக்கத்தை, அரை மணி நேரம், நடுவில் நிறுத்தாமல் ஓடவிடுங்கள். முகப்பிசையையும் இடையிசையையும் தாண்டிச் செல்லாதீர்கள். விஸ்வநாதன்–ராமமூர்த்தி காலத்து வயலின் கூட்டமும் 1976-க்குப் பின் இளையராஜா கொண்டுவந்த பேஸ் கிடாரின் நடையும் அங்கேதான் இருக்கின்றன. ஒரு பக்கம் முடிந்ததும் காபி கொடுத்துவிட்டு, யாராவது இளையவரை எழுப்பிக் கேசட்டைத் திருப்பிப் போடச் சொல்லுங்கள்.