சிங்கப்பூர் – நியூயார்க்: எவ்வளவு தூரம், எத்தனை மணி நேரம்? நீங்களே கணக்குப் போடலாம்

அம்மாவைச் சிங்கப்பூரின் சாங்கி விமான நிலையத்திலிருந்து நியூயார்க்கில் இருக்கும் அக்கா வீட்டுக்கு, எங்கும் நிற்காத விமானத்தில் தனியாக அனுப்ப வேண்டியிருந்தது. "எத்தனை மணி நேரம்டா உட்காந்திருக்கணும்?" என்று கேட்டார். மாத்திரை வேளையைக் குறித்துக்கொள்ளத்தான். டிக்கெட்டைப் பார்த்தேன். இரவு 11:30க்குக் கிளம்பி மறுநாள் காலை 5:30க்கு இறங்குகிறது. ஆறே மணி நேரமா?

முதலில் தூரம். கிரேட் சர்க்கிள் மேப்பர் தளத்தில் எஸ்ஐஎன் (SIN, சாங்கி), ஜேஎஃப்கே (JFK, அம்மா இறங்கும் நியூயார்க் விமான நிலையம்) என்ற இரண்டு குறிகளையும் நடுவில் சிறு கோடு போட்டு அடியுங்கள். ஊர்ப் பெயரை நம்பாதீர்கள், நியூயார்க் வட்டாரத்தில் மட்டும் மூன்று பெரிய விமான நிலையங்கள். சுமார் 9,540 மைல், அதாவது 15,350 கி.மீ. வரும். வேறு தளத்தில் 8,290 என்று வந்தால் பதற வேண்டாம், அது நாட்டிக்கல் மைல் (1.852 கி.மீ.).

தளமே இல்லாமலும் இதைச் சரிபார்க்கலாம். இரண்டு ஊர்களும் உலக உருண்டையில் கிட்டத்தட்ட எதிரெதிர்ப் பக்கம் இருப்பதால், மிகக் குறுகிய வழி வடதுருவத்தை ஒட்டியே போகிறது. சாங்கியிலிருந்து துருவம் 88.65 பாகை (டிகிரி), அங்கிருந்து ஜேஎஃப்கே 49.36 பாகை. கூட்டினால் 138. ஒரு பாகைக்கு 111.2 கி.மீ. பெருக்கிப் பாருங்கள். எல்லா ஊருக்கும் இந்தக் குறுக்குவழி செல்லாது, இங்கே வாய்த்தது அதிர்ஷ்டம்.

அடுத்து உத்தேச நேரம். மணிக்கு 900 கி.மீ. என்று வகுத்தால் 17 மணி நேரம். ஏறி, இறங்கி, ஓடுபாதையில் ஊர்ந்து போக இன்னொரு முக்கால் மணி.

நான் சறுக்கியது இதற்கு அப்புறம்தான். டிக்கெட்டில் இருப்பவை அந்தந்த ஊர் நேரங்கள். சிங்கப்பூர் 13 மணி நேரம் முன்னால் என்று எனக்குத் தெரியும், ஆறோடு கூட்டி 19 என்று அம்மாவிடம் சொல்லிவிட்டேன். அவர் போனது மார்ச் கடைசியில். அமெரிக்காவில் மார்ச் இரண்டாம் ஞாயிறன்று கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளிவிடுகிறார்கள், நவம்பர் முதல் ஞாயிறன்றுதான் பழையபடி ஆகும். இடைப்பட்ட மாதங்களில் வித்தியாசம் 12 தான். ஆக, 18 மணி நேரம். மாத்திரை அட்டவணை முழுவதும் ஒரு மணி நேரம் தள்ளிப் போயிருந்தது.

அதனால் இப்போதெல்லாம் கூட்டல் கழித்தலே செய்வதில்லை. இரண்டு நேரத்தையும் யூடிசிக்கு (உலகப் பொது நேரம், UTC) மாற்றிவிடுவேன். சிங்கப்பூர் இரவு 11:30 என்றால் யூடிசி பிற்பகல் 3:30. நியூயார்க் காலை 5:30 என்றால் கோடையில் யூடிசி காலை 9:30. இடையில் 18 மணி. நேர மாற்றச் செயலிகளை விட இது எனக்குத் தோது. செயலியில் பயணத் தேதியை மாற்ற மறந்தால் இன்றைய வித்தியாசத்தையே காட்டும்.

விமானம் துருவம் வழியாகத்தான் போகும் என்று எண்ணிவிடாதீர்கள். நியூயார்க் போகும்போது பெரும்பாலும் பசிபிக் மேலாகச் சுற்றிப் போகிறார்கள். தூரம் கூடினாலும், மேற்கிலிருந்து கிழக்கே வீசும் ஜெட் காற்று முதுகில் தள்ளிவிடும்.

பிற்சேர்க்கை: திரும்பும் டிக்கெட்டில் வரும் நேரத்துக்குப் பக்கத்தில் +2 இருக்கிறதே, அச்சுப் பிழையா என்று ஒருவர் கேட்டிருந்தார். இல்லை. கோடையில் திங்கள் இரவு 10:30க்கு ஜேஎஃப்கேயில் ஏறினால், 19 மணி நேரம் பறந்து, சாங்கியில் இறங்கும்போது புதன் காலை 5:30. அழைத்து வர வண்டி சொல்வதாக இருந்தால் புதன்கிழமைக்குச் சொல்லுங்கள்.