செத்த பியருக்கு ஜாதகம் கணிக்காதீர்கள்

சென்ற மாதம் ஒரு சனிக்கிழமை மாலை, பெங்களூரு இந்திரா நகரில் பியரை அங்கேயே காய்ச்சி ஊற்றும் விடுதி ஒன்றில் உட்கார்ந்திருந்தேன். பக்கத்து மேசையில் இரண்டு இளைஞர்கள். பேச்சில் மதுரை மணந்தது. முன்னால் மரத்தட்டில் ஆறு சின்னக் குவளைகள். மூத்தவர் கோதுமை பியரை ஒரு வாய் குடித்துவிட்டு முகம் சுளித்தார். "வாழைப்பழ எசன்ஸ் கலந்திருக்கிறார்கள், தம்பி. இரண்டு நட்சத்திரம் போடு." தம்பியும் கைபேசியில் போட்டுவிட்டார்.

எழுந்து போய்ச் சொல்லிவிடலாமா என்று வாய் துறுதுறுத்தது. போகவில்லை. 2013இல் இதே ஊரில், இதே வகை பியரைக் குடித்துவிட்டு நான் எழுதிய வரி இன்னும் என் பழைய நோட்டில் இருக்கிறது: "பழ வாசனை தூக்கல். செயற்கை." எந்த முகத்தோடு போய்ப் புத்தி சொல்வது? அதனால், பியரைச் சுவைத்து மதிப்பெண் போடுகிறவர்கள் செய்யும் தவறுகளை இங்கே எழுதுகிறேன்.

பாட்டிலோடு குடிக்காதீர்கள், குடித்துவிட்டு வண்டி எடுக்காதீர்கள் என்பவற்றைச் சொல்லப்போவதில்லை. அவை தெரியாதவருக்கு இந்தக் கட்டுரை அடுத்த வகுப்புப் பாடம்.

ஈஸ்ட் செய்த வேலைக்கு எசன்ஸ் மீது பழி

பவேரியாவின் கோதுமை பியரான ஹெஃபெவைசனில் வாழைப்பழமும் கிராம்பும் மணக்கத்தான் வேண்டும். மணக்காவிட்டால் புகார் சொல்லுங்கள். பழுத்த வாழையில் இருக்கும் அதே ஐசோஅமைல் அசிடேட்டை, நொதிக்கும்போது அந்த வகை ஈஸ்ட் தானாகவே உண்டாக்குகிறது. கிராம்பு வாசமும் அதே ஈஸ்டின் கைவேலைதான். யாரும் புட்டியைத் திறந்து எதையும் ஊற்றவில்லை.

ஒரு பியரில் குற்றமாக இருப்பது இன்னொன்றில் குணமாக இருக்கும். லைப்சிக் நகரத்து கோஸ பியரில் உப்பும் கொத்தமல்லி விதையும் போட்டே காய்ச்சுகிறார்கள். "ரசம் போல இருக்கிறது" என்பது அதற்குத் திட்டு ஆகாது. ஹாப்ஸ் என்ற கசப்புப் பூவைத் தூக்கலாகப் போட்டுக் காய்ச்சும் ஐபிஏவில், நியூ இங்கிலாந்து வகை கலங்கலாகத்தான் வரும். ஆனால் குளிரில் நொதிக்கவைக்கும் ஜெர்மன் லாகர் பியர் ஒன்றில் உருக்கிய வெண்ணெய் மணந்தால் அது டையசெட்டில் என்ற சேர்மம். ஈஸ்ட் வேலையை முடிப்பதற்குள் அவசரப்பட்டு இறக்கியிருக்கிறார்கள், அல்லது குழாயைச் சரியாகக் கழுவவில்லை. ஆகவே குடிப்பதற்கு முன் வகையின் பெயரைக் கேளுங்கள். அந்த வகை எப்படி இருக்க வேண்டும் என்று இரண்டு நிமிடம் படியுங்கள். பெண் பார்க்கப் போகிறவர்கூட ஊர் எது என்று விசாரித்துவிட்டுத்தானே போகிறார்.

கூலிங்

"நல்ல கூலிங்கா இருக்கா?" என்று கேட்டு வாங்கியே வளர்ந்த கூட்டம் நாம். லேசான லாகருக்கு அது சரி. கரிய ஸ்டௌட் பியரையோ பெல்ஜியத்துக் கடும் ஏல் பியரையோ 3 டிகிரியில் குடித்தால் நாக்கு மரத்துப்போகும். வறுத்த மால்ட்டின் (முளைகட்டிய தானியத்தின்) மணமும் பழ வாசமும் எழும்பவே எழும்பாது. 10 முதல் 13 டிகிரி வரை வரட்டும். வெளியே எடுத்து இருபது நிமிடம் பேசிக்கொண்டிருங்கள், தானாக வந்துவிடும். ஃபிரீசரில் வைத்து வெள்ளை பூத்த குவளையில் கொண்டுவந்து வைத்தால் திருப்பிக் கொடுத்துவிட்டுச் சாதாரணக் குவளை கேளுங்கள்.

வரிசை

மெல்லியதில் தொடங்கிக் கடுமையானதில் முடியுங்கள். ஆறு குவளை குடித்தால் நான்கைப் பற்றி மட்டும் எழுதுங்கள்.

செத்த பியருக்கு ஜாதகம்

இதற்கு மட்டும் எனக்கு இன்னும் கோபம் ஆறவில்லை. முதல் கோபம் என் மீதே.

சித்தப்பா மகன் சான் டியாகோவிலிருந்து ஊருக்கு வந்தபோது நான்கு கேன் ஐபிஏ கொண்டுவந்தார். பெட்டிக்குள் கேனுக்கு ஒரு காலுறை மாட்டி, இரண்டு ஜீன்ஸுக்கு நடுவில் வைத்து, எடை கூடுகிறது என்று தன் செருப்பை வெளியே எடுத்துப் போட்டுவிட்டுக் கொண்டுவந்த பியர். "உனக்குத்தான் தம்பி, சீக்கிரம் குடி" என்றார். சீக்கிரம் என்ற சொல் என் காதில் விழவில்லை. நல்ல பொருளை நல்ல நாளுக்கு வைக்க வேண்டும் என்பதுதானே வளர்ப்பு? பட்டுச் சேலையோடு சேர்த்துப் பரணில் வைத்தேன். ஒரு முழுக் கோடை அதன் மேல் போயிற்று. பதினான்கு மாதம் கழித்து, நண்பர்கள் கூடிய ஓர் இரவில், சபை நடுவே இறக்கினேன்.

நனைந்த செய்தித்தாள் வாசம். அதன் அடியில் வெல்லப்பாகு. கசப்பு மழுங்கிப்போய்த் தித்திப்பு மட்டும் நாக்கில் ஒட்டியது. நானோ அப்போது பதினைந்து பேர் கொண்ட சுவைக் குழுவுக்கு மாதம் ஒரு குறிப்பு எழுதுகிற ஆள். கையில் பேனாவும் தலையில் கனமும் இருந்தன. ஒன்றரைப் பக்கம் எழுதினேன். "அமெரிக்கர்கள் இதற்கா வரிசையில் நிற்கிறார்கள்?" என்று முடித்தேன். எல்லோரும் பாராட்டினார்கள்.

இரண்டு ஆண்டு கழித்து அலுவலக வேலையாக அந்த ஊருக்கே போனேன். அண்ணன் அழைத்துப் போய், கேனில் அடைத்து ஆறே நாளான அதே பியரை ஊற்றினார். நாரத்தைத் தோலைக் கிள்ளினால் விரலில் தெறிக்குமே, அந்த வாசம். பின்னால் பைன் பிசின். கசப்பு கத்தி போலச் சுத்தமாக வெட்டிவிட்டு நகர்ந்தது. நான் பேசாமல் உட்கார்ந்திருந்தேன். "பரணில் வைத்தாயா?" என்று மட்டும் கேட்டார் அண்ணன். நான் எழுதியதை அவர் படித்திருந்தார். அதுவரை ஒரு வார்த்தை சொல்லவில்லை.

என்ன நடந்திருக்கிறது என்று பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். ஐபிஏவின் உயிர் ஹாப்ஸ் பூவின் எண்ணெய்கள். அவை எளிதில் பறந்துபோகிறவை, எளிதில் கெடுகிறவை. பாட்டில் மூடியின் உட்புறப் பூச்சுகூட அதில் கொஞ்சத்தை உறிஞ்சிவிடும். கசப்பைத் தரும் அமிலங்களும் நாளாக நாளாகச் சிதைகின்றன. கசப்பு விலகியதும் அதுவரை அடங்கியிருந்த மால்ட்டின் தித்திப்பு தலை தூக்குகிறது. அடைக்கும்போது உள்ளே சிக்கிய துளி ஆக்சிஜன், மீதியைப் பார்த்துக்கொள்ளும். அந்தச் செய்தித்தாள் வாசத்துக்குப் பெயர் டிரான்ஸ்-2-நோனினால். லிட்டருக்கு ஒரு மைக்ரோகிராமில் பத்தில் ஒரு பங்கு இருந்தாலே மூக்கு பிடித்துவிடும்.

இதையெல்லாம் விரட்டி விரட்டி வேலை வாங்குவது வெப்பம். பியர் தொழிலில் 3-30-300 என்று ஒரு கைக்கணக்கு சொல்வார்கள். 32 டிகிரியில் மூன்று நாள், 22 டிகிரியில் முப்பது நாள், 3 டிகிரியில் முந்நூறு நாள்: மூன்றும் பியரை ஏறக்குறைய ஒரே அளவு கிழடாக்கும். துல்லியமான விதி அல்ல. ஆனால் நம் ஊர்களை வைத்து யோசித்துப் பாருங்கள். சென்னையில் ஒரு மே மாதத்து அறைக்கு 32 டிகிரி குளிர்ச்சியான நாள். என் பரணில் அந்த நான்கு கேன்களும் எத்தனை ஆயுள் வாழ்ந்து முடித்திருக்கும்!

காய்ச்சுகிறவர்களுக்கு இந்தப் பயம் உண்டு. கலிபோர்னியாவின் ரஷ்யன் ரிவர் நிறுவனம் தன் 'பிளைனி தி எல்டர்' பாட்டிலின் லேபிளிலேயே, சேர்த்துவைக்காதே, புதிதாகக் குடி என்று அச்சடிக்கிறது. ஸ்டோன் நிறுவனம் இன்னும் ஒரு படி மேலே போய், எந்தத் தேதிக்குள் குடிக்க வேண்டுமோ அந்தத் தேதியையே பியரின் பெயராக வைத்தது. இவ்வளவு கத்தியும் கேட்காதவன் நான்.

எனக்கு எரிச்சல் ஏன் இன்னும் தீரவில்லை என்றால், இது இப்போதும் வாரந்தோறும் நடக்கிறது. இறக்குமதிக் கேன் ஒன்று கடை அலமாரியில் விளக்குச் சூட்டில் மாதக்கணக்கில் நிற்கும். காலாவதிக்குச் சில வாரம் இருக்கும்போது பாதி விலைக்கு வரும். நம் ஆள் லாபம் என்று ஆறு கேன் வாங்கிப்போய்க் குடித்துவிட்டு, "உலகப் புகழ் பெற்றதாம், சர்க்கரைத் தண்ணீர்" என்று எழுதுவார். படிக்கிற நூறு பேர் அந்தப் பெயரையே ஒதுக்குவார்கள். எங்கோ ஒரு ஊரில் அதைக் காய்ச்சியவர் இந்த வழக்கில் குற்றவாளியே இல்லை. ஆனால் தண்டனை அவருக்கு.

ஆகவே திறப்பதற்கு முன் தேதியைத் தேடுங்கள். நம் நாட்டு பாட்டிலில் தயாரித்த தேதி லேபிளிலேயே இருக்கும். வெளிநாட்டுக் கேன் என்றால் கவிழ்த்து அடிப்பக்கம் பாருங்கள், பொடி எழுத்தில் இருக்கும். சிலர் ஆண்டின் எத்தனையாவது நாள் என்று மூன்று இலக்க எண்ணாகப் போடுவார்கள். ஹாப்ஸ் தூக்கலான பியர் அடைத்து மூன்று மாதம் தாண்டியிருந்தால் குடியுங்கள், தடையில்லை. ஆனால் அந்த மாதக் கணக்கைக் குறிப்பின் முதல் வரியில் எழுதுங்கள். தேதியே கிடைக்காவிட்டால் மதிப்பெண் வேண்டாம்.

வெளிச்சத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும். ஹாப்ஸின் கசப்பு அமிலங்கள் மீது வெயில் பட்டால் ஒரு கந்தகச் சேர்மம் பிறக்கிறது. ஸ்கங்க் என்ற பிராணி பீய்ச்சும் நாற்றத்துக்கு நெருங்கிய உறவு. லிட்டருக்குச் சில நானோகிராம் போதும். வெள்ளைக் கண்ணாடி பாட்டிலில் சில நிமிட வெயிலே இதைச் செய்துவிடும். பச்சைக் கண்ணாடி பேருக்குத்தான் காவல். பழுப்புக் கண்ணாடி ஓரளவு தாங்கும், கேன் முழுதாகத் தாங்கும். பச்சை பாட்டிலில் வரும் ஐரோப்பிய லாகர்களுக்கே உரிய "தனி மணம்" என்று பலர் உருகி எழுதுவது பெரும்பாலும் இந்தக் கோளாற்றைத்தான்.

பரணுக்குத் தகுந்த பியர்களும் இருக்கின்றன. அவற்றைப் பார்த்துத்தான் நான் ஏமாந்தேன். பிரஸ்ஸல்ஸ் பக்கத்து கேஸ் (gueuze) என்ற பியர், காற்றில் வரும் ஈஸ்டால் தானாக நொதிக்கும் லாம்பிக் பியர்களில் ஒன்று, இரண்டு, மூன்று வயதானவற்றைக் கலந்து அடைப்பது. 1900இல் தொடங்கிய கான்டியோன் ஆலை இன்றும் அப்படித்தான் செய்கிறது. லாம்பிக்கில் ஹாப்ஸையே பழசாக்கித்தான் போடுவார்கள். அங்கே அது வாசனைக்கு அல்ல, கெடாமல் காப்பதற்கு. இம்பீரியல் ஸ்டௌட், பார்லி வைன் போன்ற கனத்த சாராய அளவுள்ளவையும் ஆண்டுகளைத் தாங்கும். அவற்றுக்கும் குளிர்ந்த இருட்டு வேண்டும். பட்டுச் சேலைக்குப் பக்கத்தில் வேண்டாம்.

குவளை

நுரை சட்டென்று செத்தாலும், குமிழிகள் கண்ணாடிச் சுவரில் ஒட்டிக்கொண்டு நின்றாலும் குவளையில் பிசுக்கு இருக்கிறது. வேறு கேளுங்கள்.

சாப்பிடாத பழத்தின் பெயர்

நியூசிலாந்தின் நெல்சன் சாவின் என்ற ஹாப்ஸைப் பற்றி எல்லோரும் 'கூஸ்பெரி' என்று எழுதுவார்கள். நம்மவர் ஒருவர் அதை அகராதியில் பார்த்து "நெல்லிக்காய் மணம்" என்று எழுதினார். அது வேறு பழம். ஐரோப்பாவின் கூஸ்பெரிக்கும் நம் நெல்லிக்கும் எந்த உறவும் இல்லை. அவருக்கு நெல்லிக்காய் மணந்ததா என்று கேட்டேன். "லேபிளில் போட்டிருந்ததே" என்றார்.

லேபிளை ஊற்றிய பிறகு மறைத்துவையுங்கள். மூக்கு எதை நினைவுபடுத்துகிறதோ அதை எழுதுங்கள்: கமர்கட்டு, வறுத்த உளுந்து, பலாச்சுளை, ஈரச் சாக்கு, எதுவானாலும். கசப்பையும் துவர்ப்பையும் பிரிக்க நமக்கு இரண்டு சொற்கள் பிறவியிலேயே வாய்த்திருக்கின்றன. ஹாப்ஸ் தருவது கசப்பு. தானிய உமியைச் சூடு மீறி அலசினால் வருவது துவர்ப்பு. அது பெரும்பாலும் காய்ச்சியவரின் தவறு. இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பி எழுதுகிறவரைக் கண்டால் வாழைப்பூ சமைக்கத் தெரிந்த யாரிடமாவது அனுப்பத் தோன்றும்.

முதல் வாயில் தீர்ப்பு

ஜெர்மனியின் பாம்பெர்க் நகரத்து ஷ்லெங்கெர்லா விடுதியில் மால்ட்டை பீச் (beech) மர விறகின் புகையில் காயவைத்து பியர் செய்கிறார்கள். முதல் வாய்க்கு நான் எழுதியது "கருவாடு". பாதிக் குவளையில் மூக்கு புகைக்குப் பழகிவிட்டது. அடியில் இருந்த மால்ட் தெரிந்தது. இரண்டாவது குவளையில் "கருவாடு" என்பதை அடித்துவிட்டு "ஆச்சி வீட்டு அடுப்படி" என்று எழுதினேன். நூறு மில்லி சாம்பிளில் நின்றிருந்தால் கருவாடே அச்சேறியிருக்கும்.

மதிப்பெண்

பியர் நடுவர்களைத் தேர்வு வைத்து உருவாக்கும் அமெரிக்கத் திட்டமான பிஜேசிபியின் தாளில் மொத்தம் 50: வாசனைக்கு 12, தோற்றத்துக்கு 3, சுவைக்கு 20, வாயில் உணரும் கனத்துக்கு 5, ஒட்டுமொத்தத்துக்கு 10. தோற்றத்துக்கு வெறும் மூன்று என்பதைக் கவனியுங்கள். கைபேசியில் நுரையைப் படம் எடுத்தே ஐந்து நிமிடம் போக்குகிறவர்கள் முக்கியமாகக் கவனியுங்கள். அதற்குள் வாசனைக்கான பன்னிரண்டும் பறந்துவிடும்.

மசாலா வேர்க்கடலை

எழுதி முடித்த பிறகு.