நாய் எதையோ கடித்து முகம் வீங்கினால்

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில், சாட்ஸ்வொர்த்தில் ஒரு கால்நடை மருத்துவரிடம் முன்மேசையில் இருந்து போன் எடுப்பது என் வேலை. மருத்துவம் படித்தவள் இல்லை. ஆனால் "அக்கா, நாய் எதையோ கடிச்சிடுச்சு, மூஞ்சி உப்பிப்போச்சு, என்ன மாத்திரை கொடுக்கலாம்?" என்று போன் வந்தால் எதை முதலில் கேட்பது என்று டாக்டர் சொல்லிக்கொடுத்திருக்கிறார். மாத்திரைப் பேச்சு கடைசியில்தான்.

முதலில் மூச்சு. இழுக்கும்போது சத்தம் வருகிறதா, கழுத்தை நீட்டித் திணறுகிறதா, நாக்கு நீலம் பாய்ந்திருக்கிறதா என்று பாருங்கள். மேலுதட்டைத் தூக்கி ஈறை விரலால் அழுத்தி விட்டால், வெளுத்த இடம் இரண்டு நொடிக்குள் பழைய நிறத்துக்குத் திரும்ப வேண்டும். ஈறு முழுக்க வெளுத்திருந்தாலோ நாய் தள்ளாடினாலோ போனை வைத்துவிட்டு நாயைப் பக்கி வண்டியில் ஏற்றி உடனே கொண்டுவாருங்கள். இன்னொன்று: கடுமையான ஒவ்வாமை நாய்க்கு முகத்தில்தான் தெரியும் என்றில்லை. அதன் உடம்பில் பெரும்பாலும் முதல் அடி வாங்குவது கல்லீரலும் குடலும். திடீர் வாந்தி, பேதி, அப்படியே சரிந்து விழுதல், இவ்வளவும் முகம் வீங்காமலே நடக்கும்.

அடுத்தது, எதைக் கடித்தது? ஒவ்வாமை என்றால் சில நிமிடங்களில் இருந்து சில மணி நேரத்துக்குள் இமையும் உதடும் உப்பும், உடம்பில் தடிப்பு எழும்பி அங்கங்கே முடி குத்திட்டு நிற்கும், நாய் முகத்தைத் தரையில் தேய்க்கும். ரப்பர் கையுறை, சாயம் போட்ட பொம்மை, பிளாஸ்டிக் தட்டு இவற்றால் வருவது மெதுவான சங்கதி. உதடும் தாடையும் சிவந்து சொரசொரப்பாகும், முடி உதிரும். தட்டை எவர்சில்வருக்கு மாற்றிப் பாருங்கள். செருப்பைக் கடித்த உடனே முகம் பந்தாக வீங்கியது என்றால் எனக்குச் செருப்பின் மேல் சந்தேகம் வராது. அதில் உட்கார்ந்திருந்த தேனீயைத்தான் நினைப்பேன்.

ஒவ்வாமை என்று சொல்லிக்கொண்டு வருகிற பலதும் உண்மையில் புண்ணோ நஞ்சோதான். லோட் ஷெடிங் என்கிற மின்வெட்டுக்கு வாங்கிப் போட்ட டார்ச் பேட்டரியைக் கடித்தால் உள்ளிருக்கும் காரம் வாயை வேக வைக்கும்; புண் சில மணி நேரம் கழித்துத்தான் கண்ணுக்குத் தெரியும். பொத்தான் பேட்டரி தொண்டையில் சிக்கினால் 15 முதல் 30 நிமிடத்திலேயே சதையை அரிக்கத் தொடங்கும். தொட்டியில் வளர்க்கிற டிஃபன்பாக்கியா தண்டில் ஊசி போன்ற நுண்படிகங்கள் இருக்கின்றன. அதைக் கடித்தால் எச்சில் ஒழுகி நாக்கு தடிக்கும். பூசைத் தட்டுக் கற்பூரம் வலிப்பையே கொண்டுவரும், காவடி சமயத்தில் தட்டைத் தரையில் வைக்காதீர்கள். நாப்தலீன் அந்துருண்டை ரத்தச் சிவப்பணுக்களை உடைப்பது சில நாள் கழித்தும் தெரியலாம். முற்றத்தில் நிற்கும், வேம்பின் இனமான சிரிங்கா மரத்துக் காயும் நஞ்சுதான்.

வாயில் நுரை, உடம்பெல்லாம் நடுக்கம், கண்மணி சுருங்கிப் போயிருக்கிறது, கேட் பக்கம் இறைச்சித் துண்டு கிடக்கிறது என்றால் நேரத்தை வீணாக்காதீர்கள். நம் ஊரில் திருடர்கள் வைக்கிற 'டூ ஸ்டெப்' விஷமாக இருக்கலாம். அது ஆல்டிகார்ப் என்கிற பூச்சிக்கொல்லி. மிச்சத்தை வெறுங்கையால் தொடாதீர்கள்.

வீட்டில் செய்யக்கூடியது கொஞ்சம்தான். நாய் தெளிவாக இருந்தால் தலையைத் தாழ்த்திப் பிடித்து, வெதுவெதுப்பான நீரைப் பக்கவாட்டில் விட்டு வாயைக் கழுவுங்கள். தொண்டைக்குள் ஊற்றக் கூடாது. உப்புத் தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்க வைப்பது பாட்டி காலத்துப் பழக்கம், இன்னும் விட்ட பாடில்லை. அந்த உப்பே நாயைக் கொன்றுவிடும். பேட்டரி என்றால் வெந்த தொண்டை இரண்டாம் தடவையும் வேகும். மனிதருக்கான ஒவ்வாமை மாத்திரை சிலவற்றில் மூக்கடைப்பு மருந்தான சூடோஎஃபெட்ரின் சேர்ந்திருக்கும், அது நாயின் இதயத்தைப் படபடக்க வைக்கும். சில சிரப்பில் சைலிட்டால் இனிப்பு இருக்கும், அது நாய்க்கு ரத்தச் சர்க்கரையை மளமளவென்று இறக்கிவிடும். ஆகவே பெட்டியைப் போனில் எனக்குப் படித்துக் காட்டுங்கள். எடைக்கு எவ்வளவு என்று டாக்டர் சொன்ன பிறகு கொடுத்தால் போதும்.

வரும்போது கடித்த பொருளின் மிச்சத்தையும் அதன் உறையையும் ஒரு பையில் போட்டுக் கொண்டுவாருங்கள். எத்தனை மணிக்குக் கடித்தது, நாயின் எடை என்ன என்பதும் தெரிந்திருக்கட்டும். ஊசி போட்டு வீக்கம் வடிந்த பிறகும் மருந்தின் வேகம் குறைந்ததும் சில நாய்களுக்குத் திரும்ப வரும், அன்றிரவு அது உங்கள் கட்டிலருகிலேயே படுக்கட்டும். எங்கள் கதவு மாலையோடு மூடிவிடும். இரவில் திறந்திருக்கும் கால்நடை மருத்துவமனையின் எண்ணை இன்றே விசாரித்துக் குளிர்பெட்டிக் கதவில் ஒட்டி வையுங்கள்.